ஜெபாவுக்கு வந்த வேலைக் கடிதம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று சொல்லாதது: ஜெபாவுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது என்பது.

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனைத் திறந்தேன். எட்டு மணி நேரம் லாக்கரில் கிடந்த போன். குவியலாக மெயில்கள். ஒன்று ஜெபசெல்வி பெயருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. நிரந்தர வேலை, தர ஆய்வாளர். இப்போது நாங்கள் போன் சார்ஜர் செய்யும் லைனில் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம். சேரும் நாள் ஜூலை 21.

ஜெபா பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூக்கம்.

அவள் மெயில் என்னிடம் வருவதில் அதிசயம் இல்லை. இந்தக் கட்டடத்தில் ஏழு பெண்களின் மெயில் எனக்குத்தான் வருகிறது. சுங்குவார்சத்திரம் பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது ஒருத்திக்கும் மெயில் முகவரி இருக்காது. இருந்தால் பாஸ்வேர்டு மறந்திருக்கும். "ஸ்டெல்லாக்காவோடதப் போடுங்க" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு மாடியில் பெயர் போஸ்ட் ஆபீஸ்.

பஸ் வல்லம் தாண்டுவதற்குள் மூன்று முறை படித்தேன். முதல் முறை நம்பினேன். இரண்டாவது முறை அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். மூன்றாவது முறை படித்தபோது எழுந்த எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை.

அறைக்கு வந்து சமைத்தோம். வெண்டைக்காய். சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மதியம் கால் மணி நேர மழை. துணி நனைந்தது.

கடிதத்தை இன்று நிதானமாகப் பார்த்தேன். சந்தேகம் தந்தவை:

- முகவரி கம்பெனியுடையது இல்லை. யாரும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளும் மெயில். கம்பெனி பெயர், ஒரு கோடு, 'கேரியர்ஸ்', நாலு எண்.
- நேர்காணலே நடக்கவில்லை. அதில் வென்றதற்கு வாழ்த்து.
- பதிவுக் கட்டணம் 2,750. முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம்.
- கம்பெனியை நேரில் அணுகக் கூடாது. அணுகினால் ஆணை ரத்து.
- மூன்றாம் பக்கத்தில் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள். 'திரு. சுரேஷ்குமார் ஆகிய நீங்கள்'.

சுரேஷ்குமாரைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு போய்விட்டது. அவர் கட்டியிருப்பாரா?

சாயங்காலம் ஜெபா வழக்கம்போல, "மெயில் ஏதும் வந்துதாக்கா?"

இல்லை என்றேன்.

நேற்று சொல்லாமல் விட்டது. இன்று பொய். இரண்டும் ஒன்றில்லை.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள், லைன் லீடரே சொல்லிவிட்டார். வேறு வேலை கிடைக்காவிட்டால் உடன்குடிக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் கல்யாணம் என்று அவள் அண்ணன் ஒரு மாப்பிள்ளையின் போட்டோகூட அனுப்பிவிட்டார். அந்த போட்டோவை அவள் திறக்கவில்லை. இப்படி இருக்கிறவளிடம் ஒரு வேலைக் கடிதம் வந்தது, ஆனால் பொய் என்று எப்படிச் சொல்வது? இது நல்ல காரணம். எழுதிப் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. நம்பிய அந்த முதல் நிமிடத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. நான்கு வருடமாக இதே லைனில் நிற்கிறேன். லைப்ரரி புத்தகம் வாங்கி வந்து படிக்கிறவள், விஷயம் தெரிந்தவள் என்று பெயர். எனக்கு இப்படி ஒரு கடிதம் வரவில்லையே என்று இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

அவர்களே போன் செய்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, நாங்கள் மாடியில் குடியிருக்கும் தேவிகா அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜெபாவுக்கு அழைப்பு. எச்.ஆர். விக்ரம் என்று ஒருவர். செவ்வாய்க்கிழமையே ஆணை அனுப்பியாயிற்று, ஏன் பதில் இல்லை, நாளை கடைசி நாள் என்றாராம். அவள் படிக்கட்டிலேயே நின்று பேசினாள். 'சரி சார்', 'சரி சார்'. என்னைப் பார்த்தபடி.

வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செவ்வாக்கெழமையே வந்துட்டாமே. பாக்கலியாக்கா?"

பார்த்தேன் என்றேன். போனை எடுத்துக் காட்டினேன். அவள் அங்கேயே உட்கார்ந்து எல்லாப் பக்கமும் படித்தாள். நான் முகவரியைக் காட்டினேன், கட்டணத்தைக் காட்டினேன், சுரேஷ்குமாரைக் காட்டினேன். அவள் பார்த்தது என் முகத்தை.

"எங்க ரேஷன் கார்டுல எங்க அம்மைய ஆம்பளன்னு போட்டிருக்கு. அதுக்காவ அரிசி போடாம இருக்காவளா?"

காசு கேட்கிறார்களே என்றேன்.

"நீங்க காசு குடுக்காமலா உள்ள வந்தீய?"

நான் வேலைக்குச் சேர்ந்தபோது லேபர் கான்ட்ராக்டருக்கு மூவாயிரம் கொடுத்தேன். ஜெபா நாலாயிரம். இந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் ஒரு தொகை சொல்வார்கள். காசு வாங்கினார்கள், வேலை கொடுத்தார்கள். வேறு ஊரில் இருக்கிறவர்களுக்கு எது முதல் எச்சரிக்கையோ, எங்களுக்கு அதுதான் அத்தாட்சி. "சும்மா குடுத்தாத்தான் சந்தேகப்படணும்" என்றாள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

வெயில். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டிவிட்டாள். 2,750. யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. ரசீது என்று ஒரு படம் வந்ததாம். என்னிடம் காட்டவில்லை.

இனி கடிதங்களை அவளுடைய எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், கீரை ஆய்ந்துகொண்டே.

நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால், 'ஜெபா, பாரு, எப்படி ஏமாத்தறாங்க' என்று இருவரும் சேர்ந்து சுரேஷ்குமாரைப் பார்த்துச் சிரித்திருப்போம். நான்கு நாள் மறைத்ததில் கடிதம் மெய்யாகிவிட்டது. ஒளித்து வைத்தால் அது நல்ல பொருளாகத்தானே இருக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயிலில் பூசைக்குப் போய்விட்டு, ஜெபா கூப்பிட்டாள் என்பதால் அவளுடைய பெந்தெகொஸ்தே சபைக்கும் போனேன். ஹார்டுவேர் கடை மாடி. தகரக் கூரை, மூன்று மின்விசிறி, அறுபது பேர். பாதி எங்களைப் போல ஷிப்ட் ஆட்கள், ஐ.டி. கார்டைக் கழற்றாமலே வந்தவர்கள்.

சாட்சி சொல்லும் நேரத்தில் ஜெபா எழுந்தாள். கர்த்தர் தனக்கு ஒரு வாசலைத் திறந்தார் என்றாள். கம்பெனி பெயரையும் சேரும் தேதியையும் சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஒரு பெரியம்மா ஓடி வந்து அவள் தலையில் கை வைத்தார். நானும் உதடசைத்தேன்.

இனி அவள் எப்படிப் பின்வாங்குவாள்?

ஜூலை 14, திங்கள்

ஷிப்ட் மாறியது. எனக்கு ஏ, அவளுக்கு பி. நான் இரண்டு மணிக்கு வெளியே வரும்போது அவள் உள்ளே போகிறாள். கேட்டில் அரை நிமிடம் பார்த்துக்கொண்டோம். தலையாட்டினாள்.

இரண்டாவது கடிதம் பழக்கத்தில் என் மெயிலுக்கே வந்துவிட்டது. பயிற்சி, சீருடை, மடிக்கணினி முன்பணம்: 18,400. புதன் மாலை ஐந்துக்குள். பணம் அனுப்ப வேண்டிய எண்ணை அன்று நாலு மணிக்குப் போனில் சொல்வார்களாம். தர ஆய்வாளருக்கு மடிக்கணினி எதற்கு?

இந்த முறை ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. உடனே அவளுக்கு அனுப்பினேன். கூடவே, 'கட்டாதே, வா, கேட்டுக்குப் போய்க் கேட்போம்' என்று. ஷிப்ட் முடிந்து பார்த்திருப்பாள். பதில் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு மணிக்கு கேட்டில், பி ஷிப்டுக்கு வந்த பக்கத்து லைன் பெண் சொல்லித் தெரிந்தது: ஜெபா காலையில் செயினை அடகு வைத்துவிட்டாள். பணம் அவள் கணக்கில் ஏறிவிட்டது. "ஒங்க ரூம் ஆளுக்குப் பெரிய எடத்துல வேலையாமே, ட்ரீட் எப்போ?" என்றாள் என்னிடம்.

நாளை நான் மட்டுமாவது போகிறேன். கடிதத்தை பிரிண்ட் எடுத்தாயிற்று, எட்டுப் பக்கம்.

பயம் ஒன்று உண்டு. உண்மையாக இருந்து, நான் நேரில் போனதால் ரத்தாகிவிட்டால்? அந்த ஒரு வரியை எழுதியவன் என்னையும் அறிந்தே எழுதியிருக்கிறான்.

ஜூலை 16, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

2.15: ஷிப்ட் முடிந்து ஆலை பஸ்ஸில் ஏறாமல் ஷேர் ஆட்டோ, பிறகு டவுன் பஸ். 3.20: இருங்காட்டுக்கோட்டை. லாரிகளுக்கு நடுவே நடந்து கம்பெனி கேட். வெயில் முகத்தில் அடித்தது. காவலர் அறையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். நான் வாய் திறப்பதற்கு முன் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டார்.

"லெட்டரா? குடும்மா."

முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. இந்த வாரத்தில் நான் ஒன்பதாவது ஆளாம். விக்ரம் என்று ஒருவர் உள்ளே உண்மையாகவே வேலை பார்க்கிறாராம், அவர் பெயரை எவனோ எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறானாம். அவரே இரண்டு முறை கேட்டுக்கு வந்து ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனாராம். நேற்று ஒரு பையன் பெட்டி படுக்கையோடு வந்து நின்றிருக்கிறான்.

"இங்க ஆள் எட்த்தா காசு கேக்க மாட்டாங்கோ. கேட்டான்னா அவன் இங்க இல்ல. எவ்ளோ கட்டின?"

நான் இல்லை, தங்கை என்றேன். "மிச்சத்தயாவது காப்பாத்து போ" என்றார்.

ஜெபா ஆலைக்குள். போன் லாக்கரில். அதனால் அவளால் ஐந்து மணிக்குள் கட்ட முடியாது என்று பஸ்ஸில் திடீரென்று தோன்றி, அப்படியே நிம்மதியாகச் சாய்ந்தேன். முட்டாள்.

4.25: வீடு. வாசலில் தேவிகா அக்கா, வீட்டுக்காரம்மா, இட்லிக்கு ஊற வைத்த உளுந்தைக் களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் திண்டில் ஜெபாவின் போன்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி வேர்த்துக் கீது? அந்தப் பொண்ணு போனை என்னாண்ட குட்த்துட்டுப் பூட்சி. நாலு மணிக்கு எவனோ நம்பர் சொல்வான், அன்ப்பிடுக்கான்னுச்சு. நாலரை ஆவுது, இன்னும் காணோம்."

போனில் பணம் அனுப்பும் பின் நம்பரையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பால் கணக்கு அட்டையில் எழுதி வைத்திருந்தது.

போனை எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் விளக்க நேரமில்லை. கையில் எடுத்த இரண்டாவது நிமிடம் அடித்தது.

"ஜெபசெல்வி மேடமா?"

அக்கா பேசுகிறேன் என்றேன்.

"ஓக்கே மேடம், நம்பர் நோட் பண்ணிக்கோங்க." மரியாதையான, அவசரமில்லாத குரல். பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள். எல்லாம் அதே வாக்கியம், வேறு வேறு பெயர்களிடம்.

"நான் இப்பதான் உங்க கேட்லேர்ந்து வரேன்" என்றேன்.

துண்டித்துவிடுவான் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை.

"அப்ப உங்க தங்கச்சிக்கு இந்த வேலை இல்ல மேடம். உங்களாலதான் போச்சுன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

சொன்னபடி செய்தான். மூன்று நிமிடத்தில் அவளுக்கு வாட்ஸ்அப் செய்தி. உங்கள் அக்காவின் தவறான நடவடிக்கையால் ஆணை ரத்து செய்யப்படுகிறது. சனிக்கிழமைக்குள் முழுத் தொகையும் செலுத்தினால் மட்டும் மறுபரிசீலனை.

அந்தச் செய்தியை அழித்திருக்கலாம். போன் என் கையில், யாருக்கும் தெரியாது. விரல் அதன் மேல் இருந்தது.

அழிக்கவில்லை. போனை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

காலை ஏழரை. மேகம் கவிந்து இருட்டாக இருந்தது. அவள் செய்தியைப் படித்திருந்தாள். பணம் அனுப்பாமல் விட்டதையும் தேவிகா அக்கா சொல்லியிருந்தார்.

"என் காசு. அனுப்பாதன்னு சொல்ல நீங்க யாருக்கா?"

காவலர் சொன்னதைச் சொன்னேன். கேட்டில் நிற்கிறவருக்கு உள்ளே நடப்பது என்ன தெரியும் என்றாள். ஒன்பது பேர் என்றேன். ஒன்பது பேருக்கு வேலை போட்டிருப்பார்கள் என்றாள். எதைச் சொன்னாலும் ஒரு பதில். எல்லாம் அவளே ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில்கள் என்று தெரிந்தது.

கடைசியில், "நீங்க ஏன் நாலு நாளு மறைச்சீய?" என்றாள்.

அதற்கும் நல்ல காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "படிச்ச உடனே நெசம்னு நெனச்சேன் ஜெபா. எனக்கு வரலயேன்னு இருந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சப்போ நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதி அசிங்கமா இருந்துச்சு. அதான் சொல்லல."

அவள் வெகுநேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சபைல எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாவளே" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. பிறகு எழுந்து தலை பின்னிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

என்னை நம்பினாளா, தெரியாது. போன், பணம், பின் நம்பர் மூன்றும் அவளிடம். சனிக்கிழமை வரை நேரமும் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

வேலையில் ஓட்டமில்லை. இரண்டு சர்க்யூட் பலகையைத் தலைகீழாக வைத்து, சூப்பர்வைசரிடம் திட்டு. இரண்டு மணிக்கு கேட்டில் அவளைப் பார்த்தபோது அனுப்பிவிட்டாயா என்று கேட்க வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளாகச் சொல்லட்டும்.

சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

இன்று லைனுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். "உக்காருங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். நீங்க பேசப்பிடாது."

விக்ரம் உடனே எடுத்தான். ஜெபா பணிவாக ஆரம்பித்தாள். பணம் தயார் என்றாள். அவன் எண்ணைச் சொல்லத் தொடங்கினான்.

"இல்ல சார். நாங்க கேட்டுக்கே வந்து கையில தாறோம். ரசீது போட்டுத் தந்தாப் போதும்."

ரொக்கம் வாங்க மாட்டோம் என்றான்.

"செரி சார். கம்பெனி பேருல உள்ள கணக்கு சொல்லுங்க. அதுல போடுதேன்."

அதற்கு வேறு நடைமுறை என்றான். நேரமாகிறது என்றான். இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றான்.

"யாரு, சுரேஷ்குமாரா?" என்றாள்.

துண்டித்தான். திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்றாம் முறை அதுவும் இல்லை.

போனைத் தரையில் வைத்தாள். "எங்க கான்ட்ராக்டர்கூட காச வாங்கும்போது மூஞ்சியக் காட்டினாரே" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். 2,750 போன விவரம், அந்த ஆளின் பெயர், எல்லாம் கேட்டுப் பதிந்தார்கள். கட்டிய அன்றே சொல்லியிருந்தால் நிறுத்த வாய்ப்பிருந்திருக்கும் என்றார் போனில் பேசிய பெண். அடகுக் கடைக்குப் போய் வட்டி கட்டிச் செயினை மீட்டாள். கழுத்தில் போடவில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

சபைக்குத் தனியாகப் போனாள். சாட்சி நேரத்தில் எழுந்து, போன வாரம் சொன்னது நடக்கவில்லை, அது பொய்க் கடிதம், இப்படி இப்படி வந்தால் யாரும் கட்டாதீர்கள் என்றாளாம். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லையாம். முடிந்ததும் இரண்டு பேர் தனியாக வந்து, தங்களுக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது என்று போனைக் காட்டினார்களாம். ஒருவர் கட்டிவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

கடிதத்தில் சேரச் சொல்லியிருந்த நாள். காலை நாலேமுக்காலுக்கு நான் கிளம்பும்போது ஜெபா கிளம்பவில்லை. இந்த வாரம் அவளுக்கும் ஏ ஷிப்ட். இன்னிக்கி ஆப்சென்ட் என்றாள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்றேன். "லெட்டரோட சேர வாரவிய எட்டு மணிக்கு அந்த கேட்டுக்கு வருவாவல்லா" என்றாள்.

மீதியைச் சாயங்காலம் சொன்னாள். ஏழரைக்கே இருங்காட்டுக்கோட்டை கேட்டுக்கு எதிரே போய் நின்றிருக்கிறாள். காவலர் முதலில் விரட்டினார், விஷயம் தெரிந்ததும் உட்கார நாற்காலி கொடுத்தார். கையில் உறையோடு வந்த ஒவ்வொருவரையும் கேட்டுக்குப் போவதற்கு முன் நிறுத்திச் சொன்னாள். மதியத்துக்குள் ஏழு பேர். ஆறு பேர் திரும்பிப் போனார்கள். ஏழாவது தர்மபுரிப் பக்கத்து ஆள், மனைவியோடு வந்திருந்தார். மீதித் தொகையை இன்று கட்டினால் கேட் பாஸ் வரும் என்று காலையில் அவருக்குப் போன் வந்ததாம். ஜெபா சொன்னதை முழுதாகக் கேட்டார். உனக்குக் கிடைக்கவில்லை என்று எங்களையும் கெடுக்க வந்தாயா என்றார். சாலையைக் கடந்து டீக்கடை நிழலுக்குப் போய், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணத்தை அனுப்பினார்.